பிரேக் இல்லாத ஈஸ்ட்

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே அனைவரும் நலம், என் முட்டிவலி மட்டும் விட்டபாடில்லை.

ரிட்டயர் ஆன பிறகும் ஈஸ்டைக் கட்டிக்கொண்டு அழுகிறாயா என்று கேட்டிருந்தாய். ஆமாம், விட முடியவில்லை. நாம் வகுப்பில் படித்தது நினைவிருக்கிறதா? ஆல்கஹாலில் வளரும் ஈஸ்ட், தனக்கு வேண்டிய சர்க்கரையைத் தானே தயாரிக்க ஃப்ரக்டோஸ் பிஸ்பாஸ்படேஸ் என்ற நொதியை (என்சைமை) வைத்திருக்கும். குளுக்கோஸ் ஊற்றினால் சில நிமிடங்களில் அதன்மீது பாஸ்பேட் ஏறும், வேலை மந்தமாகும். பிறகு உபிக்விட்டின் என்ற ‘அழிக்க வேண்டியது’ முத்திரையை ஒட்டி, செல்லின் புரத அரவை இயந்திரமான புரோட்டியசோமில் போட்டு நொதியையே அழித்துவிடும். ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் ஹெல்முட் ஹோல்ட்சர் ஆண்டுக்கணக்காக ஆராய்ந்த விஷயம் இது. சர்க்கரையை ஒரே நேரத்தில் ஆக்கியும் உடைத்தும் ஏடிபி, அதாவது செல்லின் சக்திப் பணம், வீணாகாமல் தடுக்கத்தான் என்று பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினோம்.

ஆனால் 1990களில் மாட்ரிட்டில் இந்த நொதி எப்போதும் இருக்கும்படி செய்து பார்த்தார்கள். ஈஸ்டுக்குப் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை! நொதி இருந்தாலும் செல்லுக்குள் இருக்கும் ஏஎம்பி, ஃப்ரக்டோஸ்-2,6-பிஸ்பாஸ்பேட் என்ற இரண்டு சிறு மூலக்கூறுகள் அதை அடக்கி வைத்துவிடுகின்றன.

உயிர் போகும் இடம் வேறு. குளுக்கோஸ் உடைப்பில் முதலில் 2 ஏடிபி செலவு, பிறகுதான் 4 வரவு. நம் தசையில் முதல் படியை நடத்தும் ஹெக்சோகைனேஸ் என்ற நொதியை அதன் விளைபொருளே அடக்கும். ஈஸ்டில் அப்படி இல்லை. அங்கே அந்த பிரேக் வேலையைச் செய்வது டிரெஹலோஸ்-6-பாஸ்பேட் என்ற சர்க்கரை பாஸ்பேட். அதைத் தயாரிக்கும் டிபிஎஸ்1 மரபணுவை நீக்கிவிட்டால், செல் குளுக்கோஸைக் கண்டதும் வரவு வருமுன்னே முதலீட்டை வாரி இறைக்கும் வியாபாரி மாதிரி ஆகிவிடுகிறது. சர்க்கரை பாஸ்பேட்டுகள் குவியும், ஏடிபி சரியும், பாஸ்பேட்டும் தீரும். கண்முன்னே சாப்பாடு இருந்தும் வளர வழியில்லை.

இன்னொன்று கேள். 2014இல் வந்த ஆய்வில், இந்த மரபணு பழுதில்லாத சாதாரண ஈஸ்டிலும் சிறு பகுதி இதே சிக்கலில் மாட்டுவதாகக் காட்டினார்கள். பழுதானதிலும் சில செல்கள் தப்பிக்கின்றனவாம். மரபணு ஒன்றுதான், சர்க்கரை வந்த கணத்தில் உள்ளே என்ன இருப்பு என்பதில்தான் வித்தியாசம். அந்தக் காலத்தில் முழுக் குடுவையையும் கலக்கிச் சராசரி எடுத்த நமக்கு இது எப்படித் தெரிந்திருக்கும், சொல்.

பொங்கலுக்கு வருகிறாய்தானே? வரும் தேதியை எழுது.

அன்புடன்,
ராமு