படிக்க மட்டும் ஒரு கணக்குத் தாருங்கள்

தலைமை அலுவலகத் தரவுத்தளப் பிரிவினருக்கு,

வணக்கம். உங்கள் தரவுத்தளத்தை நேரடியாகப் படிக்க அனுமதி கேட்டு நாங்கள் ஏற்கெனவே எழுதிய கடிதங்கள் உங்கள் கோப்பில் இருக்கும். அதனால் கடைசியாக வந்த, பயிரழிவு இழப்பீட்டுக்கு விண்ணப்பித்தவர்களின் பட்டியலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

வழக்கம்போல மின்னஞ்சலில் ஒரு சிஎஸ்வி கோப்பு, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு. அனுப்புமுன் யாரோ அதை எக்செலில் திறந்து சேமித்திருக்கிறார்கள். 2016 முதல் இலங்கையில் வழங்கப்படும் தேசிய அடையாள அட்டை எண்ணுக்கு 12 இலக்கம். எக்செல் அதைச் சுருக்கி எழுதிவிட, முதல் ஆறு இலக்கம்தான் மிஞ்சியது. அந்த ஆறில் நான்கு பிறந்த ஆண்டு; மற்ற இரண்டு, ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்ற மூன்று இலக்க எண்ணின் முதல் இரண்டு. ஆகவே ஒரே ஆண்டில் சில நாள் முன்பின்னாகப் பிறந்தவர்களுக்கு ஒரே எண். பழைய அட்டை எண்ணின் கடைசியில் எழுத்து இருப்பதால் எக்செல் அதைச் சுருக்கவில்லை; பழைய அட்டை வைத்திருக்கும் தகப்பன்மார் தப்பிவிட்டார்கள். இரணைமடுக் குளத்தின் கீழ் காலபோக (பெரும்போக) நெல் விதைத்து வெள்ளத்தில் இழந்த இளம் கமக்காரர்கள்தான் 'இருமுறை பதிந்தவர்கள்' என்று கழிபடுகிறார்கள். பெயரை வைத்துப் பிரிப்போம் என்றால் தமிழ்ப் பெயர்கள் அத்தனையும் வெறும் கேள்விக்குறிகள். அழுகிய நெல்லைக் கையில் பிடித்துக்கொண்டு வருபவரிடம், "தம்பி, நீங்கள் இரண்டு தரம் விண்ணப்பித்திருக்கிறீர்கள்" என்று சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்.

உங்கள் தரவுத்தளத்துடன் நேரடியாக இணைத்தால் இந்தச் சிக்கலே இல்லை. அப்படி இணைப்பதற்கு நீங்கள் தந்த ஓடிபிசி டிரைவர் (தரவுத்தளத்தையும் மற்ற மென்பொருளையும் இணைக்கும் சிறு மென்பொருள்) 32 பிட். புள்ளிவிவரக் கணக்குக்கு எங்களிடம் உள்ள 'ஆர்' (R) மென்பொருளோ, 2022இல் வந்த 4.2 பதிப்பு முதல் விண்டோஸில் 64 பிட் மட்டும்தான். இரண்டும் பொருந்தாது. சரி என்று 64 பிட் டிரைவரை நாங்களே நிறுவினோம். சர்வர் எங்கள் முகவரியை ஏற்கவில்லை. கேட்டதற்கு, 'பாதுகாப்புக் காரணம்' என்று ஒரு வரிப் பதில்.

பாதுகாப்பு வேண்டும்தான். ஆனால் பெயர், அட்டை எண், தொலைபேசி எண் எல்லாம் கொண்ட முழுக்கோப்பும் பூட்டில்லாமல் மின்னஞ்சலில் வருகிறதே, அது எந்தப் பாதுகாப்பு? தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இலேயே நிறைவேறிவிட்டது. நாங்கள் கேட்பது படிக்க மட்டும் உரிமையுள்ள ஒரு கணக்கு. எதையும் மாற்றவோ அழிக்கவோ முடியாது. அட்டை எண்கூட வேண்டாம். உங்கள் உள்பதிவு எண் இருக்கும் ஒரு வியூ, அதாவது தேவையான பத்திகளை மட்டும் காட்டும் அட்டவணை, போதும்.

வன்னியிலிருந்து எது கேட்டாலும் 'பரிசீலனையில்' என்றே இருந்துவிடுகிறது. போரில் பிறப்புச் சான்றிதழிலிருந்து காணி உறுதிவரை இழந்து, கந்தோர் கந்தோராக அலைந்து ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்த சனம் இது. அவர்களின் பிள்ளைகளை ஒரு எக்செல் கோப்பில் மறுபடி தொலைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. கோபத்தில் எழுதுவதாகத் தோன்றினால், ஆம், கோபம் இருக்கிறது.

தயவுசெய்து, இழப்பீட்டுப் பட்டியலை முடிவாக்குமுன் படிக்க மட்டும் ஒரு கணக்குத் தாருங்கள். உங்கள் தரவுத்தள மென்பொருளான மைஎஸ்கியூஎல்லின், தமிழ் எழுத்தைக் கெடுக்காத 64 பிட் யூனிகோட் டிரைவரை அனுமதித்து, அது இணையும் வாசலான 3306 போர்ட்டை எங்கள் அலுவலக முகவரிக்கு மட்டும் திறந்துவிடுங்கள். அதுவரை, 'இருமுறை பதிந்தவர்கள்' என்று யாரையும் நீக்காதீர்கள்.

நன்றி.

கிளிநொச்சியிலிருந்து,
ஒரு புள்ளிவிவர உத்தியோகத்தர்