ஸ்பானிங் ட்ரீயை ஆஃப் பண்ணச் சொல்லாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க கம்ப்யூட்டர் பக்கத்துல ஒரு வாசகர், ஆபீஸ்ல கேபிள் சொருகினா ஐபி (நெட்வொர்க்ல கம்ப்யூட்டருக்கான அட்ரஸ்) வர அரை நிமிஷம் ஆகுது, சில நேரம் வரவே மாட்டேங்குதுன்னு கேட்டிருந்தார். அதுக்கு ஸ்விட்ச்ல (கம்ப்யூட்டர்களைக் கேபிளால இணைக்கிற பெட்டி) எஸ்டிபியை, அதாவது டேட்டா ஒரே வட்டத்துல சுத்தாம லூப்பைத் தடுக்கிற ஸ்பானிங் ட்ரீயை, டிசேபிள் பண்ணிடுங்க, ஒரே கமாண்ட்தான்னு பதில் போட்டிருக்கீங்க. பண்ணினா உடனே ஐபி வரும்தான், நான் மறுக்கல, ஆனா இதைப் படிச்சிட்டு எத்தனை பேர் இன்னிக்கே ஸ்விட்ச்ல கை வைப்பாங்களோன்னு பயந்துதான் எழுதுறேன்.

அந்த அரை நிமிஷம் சும்மா போறதில்லைங்க. பழைய ஸ்பானிங் ட்ரீல போர்ட் (கேபிள் சொருகுற ஓட்டை) உயிர் வந்ததும், லூப் வராம இருக்க, லிசனிங் 15 செகண்ட், லேர்னிங் 15 செகண்ட்னு காத்திருக்கும், அதுக்கப்புறம்தான் டேட்டா போகும். அதுக்குள்ள பிசி டிஹெச்சிபிகிட்ட (ஐபி கொடுக்கிற சர்வீஸ்) கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் 169.254ன்னு ஆரம்பிக்கிற, ஆபீஸ் நெட்வொர்க்குக்கு உதவாத ஒரு அட்ரஸைத் தானே போட்டுக்கும். இதுக்கு மருந்து, பிசி மாட்டுற போர்ட்ல மட்டும் போர்ட்ஃபாஸ்ட் (காத்திருக்காம உடனே டேட்டா விடுற செட்டிங்) போடுறது, கூடவே பிபிடியூ கார்டும். பிபிடியூன்னா ஸ்பானிங் ட்ரீக்காக ஸ்விட்ச்சுங்க தங்களுக்குள்ள அனுப்பிக்கிற தகவல். அந்தப் போர்ட்ல எவனாவது இன்னொரு ஸ்விட்சை மாட்டினா போர்ட் தானா ஷட் ஆயிடும். ரெண்டு லைன் கான்ஃபிக், அவ்ளோதான். 2001ல வந்த ரேப்பிட் ஸ்பானிங் ட்ரீ உங்க ஸ்விட்ச்ல இருந்தா அதையும் ஆன் பண்ணுங்க, ஸ்விட்ச்சுக்கு ஸ்விட்ச் போற லிங்க்கூட சட்டுனு எழும்பும்.

ஆஃப் பண்ணா என்ன ஆகும்னு ஒரு காலேஜ் லேப்ல பார்த்தேன். யாரோ பெருக்கும்போது கழண்டு கிடந்த கேபிள் முனையை, நல்லெண்ணத்துலதான், பக்கத்துல இருந்த காலி போர்ட்ல சொருகிட்டாங்க, மறுமுனை ஏற்கனவே அதே ஸ்விட்ச்லதான் இருந்துச்சு. ஸ்விட்ச் கடத்துற ஈதர்நெட் ஃப்ரேமுக்கு ஐபி பாக்கெட் மாதிரி டிடிஎல் (இத்தனை தாவலுக்கு மேல போகாம செத்துடுங்கிற கணக்கு) கிடையாது, எல்லாருக்கும் போற பிராட்காஸ்ட் ஒண்ணு உள்ள போனா செக்குமாடு மாதிரி சுத்திக்கிட்டே இருக்கும், பெருகிக்கிட்டும் இருக்கும். அத்தனை போர்ட் லைட்டும் ஒரே தாளத்துல மினுக்குது, ஸ்விட்சுக்குள்ள லாகின் பண்ணக்கூட முடியல, கேபிளை ஒவ்வொண்ணா பிடுங்கித்தான் கண்டுபிடிச்சாங்க. எங்ககிட்ட ஒரே ஸ்விட்ச்தானே லூப் எங்கேர்ந்து வரும்னு கேக்குறவங்களுக்கு இதான் பதில். ஐபி ஃபோன்ல இருக்கிற ரெண்டு ஓட்டையையும் சுவத்துல இருக்கிற ரெண்டு பாயிண்ட்லயும் சொருகி லூப் போடுற ஆளும் எல்லா ஆபீஸ்லயும் உண்டு.

ஆஃப் பண்ணச் சொல்றவங்க வழக்கமா 2002 நவம்பர்ல பாஸ்டன்ல பெத் இஸ்ரேல் டீக்கனஸ் ஆஸ்பத்திரி நெட்வொர்க் படுத்த கதையை இழுப்பாங்க. உண்மைதான், நாலு நாள் கம்ப்யூட்டர் இல்லாம காகிதத்துல எழுதி ஓட்டினாங்க, ஸ்பானிங் ட்ரீதான் திணறுச்சு. ஏன்னா ஸ்விட்சுக்குப் பின்னாடி ஸ்விட்ச்சா மாட்டிக்கிட்டே போய், அது தாங்குற அளவைத் தாண்டி நெட்வொர்க் நீண்டு போச்சு. அவங்க செஞ்ச வைத்தியம் நெட்வொர்க்கைத் துண்டு துண்டா பிரிச்சு நடுவுல ரவுட்டிங் (துண்டுக்குத் துண்டு ஐபி பார்த்து டேட்டா அனுப்புறது) போட்டது, எஸ்டிபியைத் தூக்கிக் கடாசினது இல்ல. இன்ஜினியர் ராடியா பெர்ல்மன் 1985ல டிஇசிங்கிற கம்ப்யூட்டர் கம்பெனிக்காக ஸ்பானிங் ட்ரீயை எழுதினதே ரெண்டு பாதை இருந்தாலும் லூப் வராம ஒண்ணை அடைச்சு வைக்கத்தான்.

எங்கேயுமே ஆஃப் பண்ணக் கூடாதான்னா, நெட் கம்பெனி லைன் வர்ற போர்ட்ல பிபிடியூ போகாம நிறுத்தலாம், அதுவும் அந்த ஒரு போர்ட்ல மட்டும். அடுத்த வாரம் அதே பக்கத்துல, அதே சைஸ் எழுத்துல திருத்தம் போடுங்க சார், மூலையில பொடி எழுத்துல போட்டா யாரும் படிக்க மாட்டாங்க.

இப்படிக்கு,
ஒரு நெட்வொர்க் டெக்னீஷியன், கோவை