குழியை யார் திறப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூரு ஈஜிபுராவில் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் பொதுக் கழிப்பிடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள் என்று பேச்சு அடிபடுகிறது. எட்டு அறைகள், எட்டிலும் தண்ணீர்த் தொட்டி, சுவர் முழுக்க டைல்ஸ். தெருவே சந்தோஷப்படுகிறது. இருபது வருடங்களுக்கு மேல் கொத்துக் கரண்டி பிடித்துப் பிழைக்கும் எனக்கு மட்டும் ஒரு கேள்வி தொண்டையில் நிற்கிறது. அந்த எட்டுத் தொட்டிக்கும் தண்ணீர் எங்கிருந்து வரும்?

2024 கோடையை இந்த ஊரில் யாரும் மறந்திருக்க முடியாது. கார் கழுவினாலும் செடிக்கு ஊற்றினாலும் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீருக்குக் கட்டுப்பாடு வந்தது அந்த மார்ச் மாதத்தில்தான். எங்கள் கழிப்பிடத்தின் போர்வெல்லும் அப்போதுதான் வறண்டது. பதினாறு நாள் பூட்டிக் கிடந்தது. ஆண்கள் எங்காவது ஒதுங்கிவிட்டோம். பெண்கள் விடியுமுன் நாலு மணிக்கு இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து காலி மனைப் பக்கம் போனார்கள். என் மருமகளுக்கு அது ஏழாவது மாதம். இரவில் எழுந்து போக வழியில்லை என்று சாயங்காலத்துக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டாள். அவள் டம்ளரைப் பார்த்துவிட்டுத் தள்ளிவைத்ததை நான் பார்த்தேன். அந்தக் காட்சிதான் இந்தக் கடிதத்தை எழுத வைக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய மாதிரித் தொட்டியை ஒரு தடவை இழுத்தால் பத்து லிட்டருக்குக் குறையாது. 200 பேர் நாளுக்கு ஒரு முறை வந்தாலே 2,000 லிட்டர். மூன்று நாளைக்கு ஒரு 6,000 லிட்டர் தண்ணீர் லாரி. பெங்களூருக்கு வரும் காவிரி தொரெகாடனஹள்ளியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் குழாயில் பயணப்பட்டு, ஏறத்தாழ 500 மீட்டர் உயரம் பம்புகளால் ஏற்றப்பட்டு வருகிறது. 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டம் தொடங்கியபோது நாளுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதலாகக் கிடைக்கும் என்று கேட்டு நானும் மகிழ்ந்தேன். ஆனால் அவ்வளவு மின்சாரம் செலவழித்து மேலேற்றிய குடிநீரைத்தான் நாம் மலத்தின் மேல் ஊற்றுகிறோம். அது எங்கே போகிறது? சாக்கடை வழியே பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள், அங்கிருந்து தென்பெண்ணை. ஓசூரில் கெலவரப்பள்ளி அணை மதகைத் திறந்தால் நுரை மலைபோல் எழும்பிப் பாலத்தை மறைக்கும் படத்தைப் பத்திரிகையில் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! காவிரியைக் குடித்துத் தென்பெண்ணையைக் கெடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இதே காவிரியின் கரையில், திருச்சி மாவட்டம் முசிறியில், தண்ணீர் ஊற்றாத கழிப்பறையில் வாழ்ந்து பழகிய குடும்பங்கள் இருக்கின்றன. என் தங்கை வாழ்க்கைப்பட்டது முசிறிப் பக்கத்து ஊரில். அங்கே ஆற்றோரம், தோண்டினால் தண்ணீர். குழி வெட்டினால் கழிவு நேரே கிணற்றில் சேரும். அதனால் குழியே வேண்டாம் என்று தரைக்கு மேலே மலம் சேர இரண்டு அறை கட்டும் முறையைக் கொண்டுவந்தார்கள். இதைப் பரப்பிய ஸ்கோப் என்ற தொண்டு அமைப்பின் மராச்சி சுப்புராமனுக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. முசிறி ஊருக்குள் ஒரு பொதுக் கழிப்பிடத்தில், வருகிறவர்களிடம் காசு வாங்காமல், அவர்களுக்கே சிறு தொகை கொடுத்தார்கள். உரம் விலைபோகும் பொருள் அல்லவா?

தங்கை வீட்டுக் கழிப்பறையைக் கட்டும்போது ஒரு வாரம் நானும் கூட நின்றேன். நாலு படி ஏறித்தான் உள்ளே போக வேண்டும். கோப்பையில் மூன்று வழி: முன்னால் சிறுநீருக்கு, நடுவில் மலத்துக்கு, பின்னால் கால் கழுவும் தண்ணீருக்கு. சிறுநீர் தனிக் குழாயில் பிளாஸ்டிக் கேனுக்குப் போகிறது. கழுவிய தண்ணீர் வெளியே கல்வாழைப் பாத்திக்கு. மலம் மட்டும் கீழே அறையில் விழும். அதன் மேல் ஒரு கை சாம்பல். ஓர் அறை நிறைந்ததும் அதன் துளையை மூடிவிட்டு அடுத்ததற்கு மாறுவார்கள். இதை முதலில் கேட்டபோது என் தாயார் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டார். "எடுப்புக் கக்கூஸை விட்டு வந்தோம், மறுபடியும் அதற்குள்ளேயா?" என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நாங்கள் கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவர்கள். என் தாத்தா வட ஆற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்குப் போனவர். 2001-இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு காலை ரயிலில் பெங்களூருக்கு வந்து சித்தாளாகச் சேர்ந்து கொத்தனாரானவன் நான். எங்கள் லயன் வீடுகளுக்குப் பின்னால் இருந்தவை, மலத்தை ஆள் வந்து கையால் அள்ளிப்போகும் எடுப்புக் கழிப்பிடங்கள். பின்சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு தகரக் கதவு. விடியற்காலையில் அந்தத் தகரம் திறக்கும் கிறீச் சத்தமும், உள்ளே வாளியைச் சுரண்டும் சத்தமும் கேட்டுத்தான் எனக்கு விழிப்பு வரும். அள்ள வருபவர் தெலுங்கு பேசும் ஓர் அம்மா. மழைக்காலத்தில் தலையில் சுமந்த கூடையிலிருந்து வழிந்து அவர் தோளில் இறங்கியதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் தாயார் அவருக்குக் காபி கொடுப்பார், ஆனால் கொட்டாங்குச்சியில். அதை நினைத்து இன்றைக்கும் தலைகுனிகிறேன். அதே தங்கவயலில் அந்த வேலை செய்த குடும்பத்தில் பிறந்தவர்தான், நாடு முழுக்க இதற்கு எதிராகப் போராடி 2016-இல் மகசேசே விருது பெற்ற பெஜவாடா வில்சன்.

ஆகவே தண்ணீர் இல்லாக் கழிப்பறை என்று சொன்னவுடன் நம் மக்கள் முகம் சுளித்தால், அதை அறியாமை என்று யாரும் சொல்லக் கூடாது. அவர்கள் கேட்பது, குழியை யார் திறப்பது என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பதில் தராத எந்தத் தொழில்நுட்பமும் எங்களுக்கு வேண்டாம்.

தங்கை வீட்டில் எனக்குப் பதில் கிடைத்தது. முதல் அறை நிறைந்து, மூடி, ஒரு வருடம் கழித்துத் திறக்கும் நாளில் நான் அங்கே போயிருந்தேன். பின்பக்கச் செங்கல்லை உளியால் தட்டி எடுத்தேன். மூக்கை மூடத் துணியோடு நின்ற மைத்துனர் துணியை எடுத்துவிட்டார். உள்ளே சாம்பல் கலந்து கறுத்த, உதிரியான தூள். பழைய எருக்குழியின் அடி மண் எப்படி இருக்குமோ அப்படி. கோடை மழை முதல் துளி விழுந்த மண் வாசனை. மைத்துனரே மண்வெட்டியால் வாரி நாலு சாக்கு நிரப்பி வாழைக்குப் போட்டார். அவர் வீட்டுக் கழிவு, அவர் கை, அவர் தோட்டம். பச்சை மலத்தை இன்னொருவர் தலையில் ஏற்றிய எடுப்புக் கக்கூஸுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அந்த ஒரு வருடக் காத்திருப்பும் அந்தக் கையும்தான். தாயார் அந்தத் தூளை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார்.

குறை இல்லாமல் இல்லை. விருந்தாளி ஒருவர் தவறிப்போய் நடுத் துளையில் செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றிவிட, அறை ஊறி இரண்டு வாரம் நாற்றம் தாங்கவில்லை. சாம்பல் விழுந்து சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொள்ளும். கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும், பொறுமை வேண்டும். பெங்களூரில் பத்துக்குப் பன்னிரண்டு அடி வீட்டில் இதைக் கட்ட இடமும் கிடையாது. அதனால்தான் பொதுக் கழிப்பிடத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

சுவர் முழுக்க டைல்ஸ் போடும் செலவில் பாதியை இப்படித் திருப்பலாம். ஆறு அறைக்குச் சரிவு அதிகமான கோப்பை வைத்தால் ஒன்றரை, இரண்டு லிட்டர் தண்ணீரைச் சொம்பால் ஊற்றினாலே போதும். கிராமங்களில் இரட்டைக் குழிக் கழிப்பறைக்கு இதைத்தான் வைக்கிறோம். 600 சதுர அடிக் கூரையில் விழும் பெங்களூர் மழையைப் பிடித்தால் சேதாரம் போக வருடத்துக்கு 40,000 லிட்டராவது தேறும். மீதி இரண்டு அறையை முசிறி மாதிரியில் கட்டிப் பார்க்கட்டும். நன்றாக நடந்தால் அடுத்த தெருவுக்குப் போகட்டும்.

ஆனால் ஒப்பந்தத்தில் எழுதிவைக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த அறைகளை யார், எப்போது, எந்தக் கருவியால், என்ன சம்பளத்துக்குத் திறப்பார் என்று. பொதுக் கழிப்பிடத்தில் என் மைத்துனர் போல வீட்டுக்காரர் கிடையாது. எழுதாமல் விட்டால் அந்த வேலை மறுபடியும் அதே சாதிக்காரர் வீட்டு வாசலுக்குத்தான் போகும். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடை செய்து 2013-இல் சட்டம் வந்தும் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறங்கி மூச்சுத் திணறி மனிதர்கள் சாகிறார்கள். இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒருவரும் இறங்கத் தேவையில்லாத அறையைக் கட்டத்தான் நான் கேட்கிறேன்.

தங்கை வீட்டில் அறையை மூடிய அன்று, சிமெண்ட் பூச்சு காயும் முன் ஓர் ஆணியால் மூடிய நாளையும் அதன் கீழே திறக்கும் நாளையும் கீறிவைத்தேன். எங்கள் தெருக் கழிப்பிடத்தின் சுவரிலும் அந்த இரண்டு தேதிக்கும், திறப்பவர் பதவிக்கும் ஓர் அடி இடம் விட்டுப் பூசச் சொல்லுங்கள். அந்த இடத்தைக் கூலி வாங்காமல் நானே பூசித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கொத்தனார்,
ஈஜிபுரா, பெங்களூரு