காரணம் கேட்காமல் 48 மணி நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஏற்காட்டில் மிளகுப் பறிப்பு என்றால் சில்வர் ஓக் மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து, கணுவில் கால் வைத்து ஏறுவதுதான். அங்கிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தவருக்கும், கொண்டை ஊசி வளைவில் பைக் சறுக்கி அதே எலும்பு முறிந்தவருக்கும் வைத்தியம் ஒன்றே. பணம் மட்டும் வேறு. 2021 டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் அட்டை, வருமானம், சொந்த மாநிலம் எதையும் பார்க்காமல் முதல் 48 மணி நேரச் செலவை ஏற்கிறது. ஆனால் சாலை விபத்துக்கு மட்டும். மரத்திலிருந்து விழுந்தவர் முதல்வர் காப்பீட்டு அட்டையைத் தேட வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாயைத் தாண்டினால் அதுவும் இல்லை.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் காசு கேட்பதில்லையே என்பார்கள். சரிதான். அங்கே போய்ச் சேர 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டும்.

பாம்புக்கடியை எடுத்துக்கொள்ளுங்கள். 2 மில்லி ரத்தத்தைச் சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையவில்லை என்றால் விரியன் விஷம் ரத்தத்தில் ஏறியிருக்கிறது. பிளாஸ்டிக் குழாயோ, சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயோ என்றால் நல்ல ரத்தமும் உறையாது, முடிவு தப்பாகிவிடும். ஆக இந்தச் சோதனைக்கு வேண்டியது ஒரு புதுக் கண்ணாடிக் குழாய், அவ்வளவுதான்! ஆனால் விஷமுறிவு மருந்து முதல் தவணைக்கே 10 குப்பி வரை தேவை. நாலு குப்பி இருக்கும் இடத்தில் இரண்டைப் போட்டுக் கீழே அனுப்பினால் வைத்தியம் பாதியில் நிற்கிறது. (மூங்கில் குழிவிரியனுக்கு இந்த மருந்து கேட்காது, அதற்குப் போட்டு வீணாக்குவதும் நடக்கக்கூடியதே.)

கோளாறு பணம் வரும் வழியில் இருக்கிறது. காப்பீடு ஒரு நோயாளிக்கு இவ்வளவு என்று தருகிறது. மலையில் கேஸ் குறைவு. வரும் பணமும் குறைவு. ஆனால் குளிர்பெட்டி, ஜெனரேட்டர், இரவு நர்ஸ், டிரைவர் எல்லாம் யாரும் வராத நாளிலும் இருந்தாக வேண்டும். எரிந்த வீட்டைக் கணக்குப் பார்த்தா தீயணைப்புக்காரருக்குச் சம்பளம் போடுகிறோம்?

ரயிலிலிருந்து விழுந்து, கல்கத்தாவில் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைய விடப்பட்டவரின் வழக்கில், அவசர சிகிச்சை மறுப்பது அரசியல் சட்டப் பிரிவு 21-ஐ மீறுவது என்றும், நிதி இல்லை என்று அரசு கைவிரிக்க முடியாது என்றும் உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லிவிட்டது.

எனவே திட்டத்தில் 'சாலை விபத்து' என்று இருக்கும் இடத்தில் 'உயிருக்கு ஆபத்தான எந்த அவசர நிலையும்' என்று மாற்றுங்கள். மலை மருத்துவமனைக்குக் கேஸ் கணக்கு பார்க்காமல் ஆண்டுக்கு ஒரு நிலையான தொகை ஒதுக்குங்கள். அதில் விஷமுறிவு மருந்து எந்நேரமும் 20 குப்பி இருக்கட்டும். ஆம்புலன்சில் பி டைப் ஆக்சிஜன் சிலிண்டர் இரண்டு, இரண்டும் நிறைந்து. நிமிடத்துக்கு 10 லிட்டர் விட்டால் நிறைந்த சிலிண்டர் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் வரும். முள் கால்வாசியில் நின்றால் நாற்பது நிமிடம்கூட வராது, அடிவாரம் வருமுன்பே தீர்ந்துவிடும்.

- அவசர சிகிச்சைப் பணியாளர்கள் சிலர், ஏற்காடு