பிளஸ் ஒன் விண்ணப்பத்தில் ஒரு கட்டம்

அரசு மேல்நிலைப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கு வணக்கம்.

போன வாரம் என் மகனுடைய பள்ளியில் பத்தாம் வகுப்புப் பெற்றோர் கூட்டம். அரை நாள் கூலியை விட்டுவிட்டுப் போனேன். ஒன்றரை மணி நேரம் தேர்ச்சி விகிதம், செல்போன், தலைமுடி வெட்டு பற்றிப் பேசினார்கள். கடைசியில் நான் எழுந்து, "பிளஸ் ஒன்ல எந்த குரூப் எடுத்தா பின்னாடி என்ன படிக்கலாம்னு சொல்லுங்க சார்" என்று கேட்டேன். "முதல்ல பாஸ் ஆகட்டும்மா, ரிசல்ட் வந்ததும் பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தது. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். என் மூத்த மகளுக்கு 2022-இல் கிடைத்ததும் இதே பதில்தான் என்பதால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிக்க வேண்டும் என்று எட்டாவதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். சேர்க்கைக்குப் போன அன்று, கணக்கு குரூப்பில் இடம் நிரம்பிவிட்டது என்றார்கள். விண்ணப்பத்தில் 'பிரிவு' என்ற கட்டத்தை ஆசிரியரே பென்சிலால் நிரப்பினார். இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல். "இதுவும் சயின்ஸ் குரூப்தாம்மா" என்றார். தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவளுக்கு சயின்ஸ் என்றால் எல்லாம் ஒரே சயின்ஸ்தான். கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு வருடம் கழித்து, பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவு செய்ய பிரவுசிங் சென்டருக்குப் போனோம். "மேத்ஸ் மார்க் சொல்லுங்கக்கா" என்றான் அங்கிருந்த பையன். இவள் பேசவில்லை. அவன் மார்க் ஷீட்டை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். கட் ஆஃப் 200-இல் கணக்குக்கே 100. இவள் தாவரவியலில் 91 வாங்கியிருந்தாள். அதை எழுத அங்கே இடமே இல்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இடஒதுக்கீடு உண்டு, அதில் சீட் கிடைத்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டிவிடும் என்று எனக்கு முதன்முதலில் சொன்னதும் அந்தப் பையன்தான். ஆறாவது முதல் பிளஸ் டூ வரை என் மகள் படித்தது உங்கள் பள்ளிகளில். சொன்னது பிரவுசிங் சென்டர்.

இப்போது அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்ஸி. விலங்கியல் படிக்கிறாள். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. நன்றாகத்தான் படிக்கிறாள், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் 2027-இல் இவள் பட்டம் வாங்கிவிட்டால், அதற்கு அடுத்த வருடம் பிளஸ் டூ முடிக்கும் தம்பி எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி இல்லை. முதல் பட்டதாரிக்கு அரசு தரும் கட்டணச் சலுகை அவனுக்குக் கிடைக்காது. இதையும் நானாகத்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். குரூப் என்னவென்று ரிசல்ட்டுக்குப் பிறகு சொல்லாதீர்கள், அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் சொல்லுங்கள். எந்த குரூப் எடுத்தால் எந்தப் படிப்பின் கதவு மூடும், உங்கள் பள்ளியில் எந்த குரூப்பில் எத்தனை இடம், வருமானச் சான்றும் சாதிச் சான்றும் எப்போது வாங்கி வைக்க வேண்டும் என்பதையெல்லாம் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுங்கள். பணக் கணக்கையும் அதிலேயே போட்டுவிடுங்கள். கல்விக் கடனில் 4 லட்சம் வரை சொத்து அடமானம் தேவையில்லை என்பது தெரியாமல் எங்கள் தெருவில் ஒருவர் தோட்டை வட்டிக்கடையில் வைத்துத்தான் முதல் வருடக் கட்டணம் கட்டினார். முன்பே தெரிந்திருந்தால், மாதம் 500 என்று இரண்டு வருடம் போட்டாலே 12,000 ஆகியிருக்கும். விடுதி முன்பணத்துக்காவது உதவும்.

பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு 'கல்லூரிக் கனவு' என்று மண்டபம் பிடித்து வழிகாட்டுகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் பஸ் கிளம்பி இரண்டு வருடம் ஆன பிறகு எந்த ஊர் பஸ்ஸில் ஏற வேண்டும் என்று சொல்லி என்ன பயன்? நூறு சதவீதத் தேர்ச்சிக்கு வாசலில் பிளக்ஸ் வைக்கிறோம். அந்த நூறு பேரில் எத்தனை பேர் கேட்ட குரூப்பில் சேர்ந்தார்கள் என்று அதே பிளக்ஸில் ஒரு வரி போட்டால், படித்துப் பார்க்க நான் தினமும் அந்த வழியாகவே வேலைக்குப் போவேன்.

கோபத்தில் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன், மன்னியுங்கள். ஆள் பற்றாக்குறையில் நீங்கள் படும் பாடும் எனக்குத் தெரியும். கணக்கு ஆசிரியர் இல்லாத பள்ளியில் கணக்கு குரூப்பை எங்கிருந்து கொண்டுவருவீர்கள்? இல்லையென்றால் இல்லை என்று ஜனவரியிலேயே சொல்லுங்கள், பக்கத்து ஊர்ப் பள்ளியில் நாங்கள் கேட்டுக்கொள்கிறோம். தயவுசெய்து அந்தக் கூட்டத்தை அரையாண்டு முடிந்ததும் வையுங்கள். முடிந்தால் ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும், எங்களுக்குக் கூலி போகாது. பென்சிலை இந்த முறை நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனின் அம்மா