நீக்கும் முன் பட்டியலைப் படியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய மடிக்கணினிகளில் விண்டோஸுக்குப் பதிலாக டெபியன் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளமும், அதற்கு எல்எக்ஸ்டிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப்பும் போடலாம் என்ற தங்கள் கட்டுரை நன்று. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரில் ஆதரவு நின்றபின் என் கடைக்கும் இதைக் கேட்டுப் பலர் வருகிறார்கள். ஆனால் வேண்டாத நிரல்களை நீக்கிவிட்டு, மிஞ்சிய துணை நிரல்களைத் தானாகக் களையும் 'ஆட்டோரிமூவ்' கட்டளையைக் கொடுங்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். வம்பே அங்கேதான்.

லினக்ஸில் நிரல்கள் 'பொதி'களாகக் கட்டப்பட்டு வரும். 'எல்எக்ஸ்டிஇ' என்ற பொதிக்குள் நிரல் எதுவும் கிடையாது. மற்ற பொதிகளை இழுத்து வரும் வெறும் பட்டியல் அது. அதில் கட்டாயம் என்றிருக்கும் ஒரு சின்ன நிரலை நீக்கினாலும் அந்தப் பட்டியல் பொதியும் சேர்ந்து போகும். அப்புறம் ஆட்டோரிமூவ் வந்து, இனி யாருக்கும் தேவையில்லை என்று கோப்பு மேலாளர், திரையின் ஓரத்தில் மெனு இருக்கும் பேனல் வரை கூட்டித் தள்ளிவிடக்கூடும். இப்படி ஆகி, கல்லூரி மாணவி ஒருவர் கொண்டுவந்த கணினியில் கறுப்புத் திரையும் லாகின் வரியும்தான் மிச்சம்.

வைத்துக்கொள்ள வேண்டியவற்றை முதலில் 'ஆப்ட்-மார்க் மேனுவல்' என்ற கட்டளை கொடுத்து, ஆட்டோரிமூவ் தொடாதபடி குறித்துவிட வேண்டும். நீக்கும் கட்டளையோடு 'மைனஸ் எஸ்' (-s) சேர்த்தால், எதையும் தொடாமல் என்னென்ன போகும் என்று மட்டும் காட்டும். அதைப் பொறுமையாகப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். புதிதாக நிறுவுபவர்கள் கட்டாயமில்லாமல் கூடவே வரும் பரிந்துரைப் பொதிகள் வேண்டாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் பாதி வேலை குறையும்.

இன்னொன்று. லிப்ரே ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருளை நீக்கினால் வட்டில் இடம் கிடைக்கும், வேகம் கிடைக்காது. திறக்காத நிரல் ராமைத் தின்பதில்லை. 2 ஜிபி ராம் உள்ள கணினியைத் திணறடிப்பது பெரும்பாலும் பிரௌசர்தான். அதை யாரும் நீக்கச் சம்மதிப்பதில்லை!

இப்படிக்கு,
கணினி பழுதுபார்ப்பவர்,
கும்பகோணம்.