ஒரு பக்கமா, இரண்டு பக்கமா?

அன்புத் தோழி,

உன் செய்தி வந்தது. இங்கே எல்லாரும் நலம், மழைதான் விடவில்லை. அம்மாவின் முட்டிக்கு ஊசி போட்டாகிவிட்டதா?

மருத்துவம் படிக்கிற குட்டிம்மாவுக்கு அடுத்த மாதம் இ.என்.டி. (காது, மூக்கு, தொண்டை) போஸ்டிங் என்றதும் சந்தோஷப்பட்டேன். “இரண்டு வாரம்தானே, காதும் மூக்கும்தானே” என்று நீ எழுதியதைப் படித்ததும் கோபம் வந்துவிட்டது. நம் தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொண்ட டிரெசர் அண்ணன் காதில் விழுந்திருந்தால் உன்னைக் கொட்டகை வாசலில் நிற்க வைத்திருப்பார். சுங்கை சிப்புட்டில் எந்தக் கிளினிக் வரிசையில் வேண்டுமானாலும் போய் நின்று பார். தொண்டை வலி, சளி, காதடைப்பு என்று வருகிறவர்கள்தான் அதிகம்.

உடற்கூறு எல்லாம் அவள் புத்தகத்திலேயே இருக்கிறது. நீ ஒரே ஒரு கேள்வியை அவள் வாயில் ஏற்றிவிடு: “ஒரு பக்கமா, இரண்டு பக்கமா?” இரண்டு மூக்கும் அடைத்தால் பெரும்பாலும் சளி அல்லது ஒவ்வாமை. ஒரு பக்கம் மட்டும் என்றால் காரணம் தெரியும்வரை விடக் கூடாது.

செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிற ஒருவர் வந்து “ஒரு காது அடைச்சிருக்கு டாக்டர்” என்கிறார் என்று வை. குறும்பி, செவிப்பறைக்குப் பின்னால் நீர், நரம்புக் கோளாறு என மூன்றுக்கும் நோயாளி சொல்வது இந்த ஒரே வாக்கியம்தான். பிரித்துப் பார்ப்பது நம் வேலை.

முதலில் நல்ல காதைப் பார்க்க வேண்டும். காதுக்குள் வெளிச்சம் காட்டிப் பார்க்கும் ஓட்டோஸ்கோப்பைப் பேனா மாதிரிப் பிடித்து, சுண்டு விரலை நோயாளியின் கன்னத்தில் ஊன்றிக்கொள்ளணும். தலை திடீரென்று அசைந்தால் கையும் கூடவே போகும், முனை உள்ளே குத்தாது. பெரியவர்களுக்குக் காது மடலை மேலும் பின்னும் இழுக்கணும், கைக்குழந்தைக்குக் கீழும் பின்னும். துளைக்குள் நுழைகிற முனைகளில் பெரியதையே எடுக்கச் சொல். சின்ன முனையில் தெரிவது குறைவு, ஆழமாகவும் போய்விடும். காதுக்குழாயின் உள்பக்க மூன்றில் இரண்டு பங்கு எலும்புமேல் மெல்லிய தோல்தான், தொட்டாலே ஆள் துள்ளிவிடுவார். இன்னொன்று: குறும்பி தெரிந்ததும் இதுதான் காரணம் என்று முடிவு கட்டக் கூடாது. எடுத்த பிறகு கேட்கிறதா என்று மறுபடியும் சோதிக்கணும்.

அடுத்தது டியூனிங் ஃபோர்க், தட்டினால் ஒரே சுருதியில் ஒலிக்கும் இரும்புக் கவை. ஆடியோகிராம் (கேட்கும் திறனை அளக்கும் சோதனை) வந்த பிறகு இது எதற்கு என்று மாணவர்கள் மூலையில் போட்டுவிடுகிறார்கள். எனக்கு அது தாங்கவில்லை. ஆடியோகிராமுக்குத் தேதி கிடைப்பதற்குள், நோயாளி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே, இது பாதி விடையைச் சொல்லிவிடும். 512 ஹெர்ட்ஸ் ஃபோர்க்தான் வேண்டும். அதற்குக் கீழே போனால் ஒலியைவிட அதிர்வைத்தான் நோயாளி உணர்வார். தட்டுவது தன் முழங்கையில், மேசை விளிம்பில் அல்ல. மேசையில் தட்டினால் வேண்டாத மேல் ஒலிகளும் சேர்ந்து வரும்.

ஃபோர்க்கை வைத்துச் செய்யும் சோதனை இரண்டு. ஒலி எந்தக் காதுக்குப் போகிறது என்று பார்க்கும் வெபருக்கு நெற்றி நடுவில் வைக்கணும். எலும்பு வழியா, காற்று வழியா, எது உரக்கக் கேட்கிறது என்று பார்க்கும் ரின்னேவுக்குக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் அழுத்தி வைத்துவிட்டு, பிறகு துளைக்கு நேராகப் பிடிக்கணும். லேசாக வைத்தால் பலன் தவறும், மடலைத் தொட்டாலும் தவறும். காற்று வழி உரக்கக் கேட்டால் ரின்னே பாசிட்டிவ், அதுதான் இயல்பு. எலும்பு வழி உரக்கக் கேட்டால் நெகட்டிவ். ‘பாசிட்டிவ்’ என்றதும் நோய் என்று நினைக்கிறவர்கள் எத்தனை பேர்!

வெபர் குழப்பினால், அவளையே ஒரு காதை விரலால் மூடிக்கொண்டு நெற்றியில் வைத்துப் பார்க்கச் சொல். ஒலி மூடிய காதுக்கே ஓடும். கடத்தல் வழிக் கோளாறு (குறும்பி, நீர் போல ஒலி உள்ளே போகும் வழியில் தடை) என்றால் கெட்ட காதுக்குப் போகும், நரம்புக் கோளாறு என்றால் நல்ல காதுக்கு. பரீட்சையில் பலர் விழும் குழி ஒன்று உண்டு. வலது காது முற்றிலும் செத்துப்போயிருந்தாலும் வலப்பக்க ரின்னே நெகட்டிவாக வரும். எலும்பு வழி போகிற ஒலியை இடது காது பிடித்துக்கொள்வதால் அப்படி. அங்கே வெபர்தான் காட்டிக்கொடுக்கும், இடப்பக்கம் ஓடிவிடும்.

செவிப்பறை சுத்தமாக இருக்கிறது, வெபர் நல்ல காதுக்குப் போகிறது, அடைப்பு நேற்றுத்தான் வந்தது. இது திடீர் நரம்புச் செவிடு. “சளிதான், தானே சரியாகும்” என்று சொட்டு மருந்து கொடுத்து அனுப்பினால் அந்தக் காது போய்விடலாம். அவசரமாக ஆடியோகிராம் எடுத்து, தடை எதுவும் இல்லையென்றால் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை, உடல் எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம், ஒரு நாளில் 60 மில்லிகிராம் வரை. முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் அதிகப் பலன், அதிலும் முந்த முந்த நல்லது.

எதிர் முடிவும் வரலாம். வெபர் கெட்ட காதுக்கே போகிறது, செவிப்பறைக்குப் பின்னால் நீர் நிற்கிறது, ஆள் பெரியவர். அப்போது மூக்கின் பின்புறத்தை எண்டோஸ்கோப்பில் பார்க்காமல் விடக் கூடாது. நடுக்காதை மூக்கின் பின்புறத்தோடு இணைக்கும் யூஸ்டேசியன் குழாய் திறக்கும் இடத்துக்குப் பின்னால் ரோசன்முல்லர் பள்ளம் இருக்கிறது. மூக்குத்தொண்டைப் புற்றுநோய் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். கட்டி அந்தக் குழாயை அடைத்துவிடுவதால் காதில் நீர் சேர்கிறது. கழுத்தில் வலியில்லாத கட்டி, சளியில் இரத்தக் கீற்று, இரட்டைப் பார்வை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளணும். நம் நாட்டில் சீனரிடமும் சரவாக்கின் பிடாயு மக்களிடமும் இது அதிகம். தமிழரிடம் குறைவு என்பதற்காக நம் ஆளைப் பார்க்காமல் அனுப்பிவிடக் கூடாது.

குழந்தைக்கு ஒரு மூக்கில் மட்டும் நாற்றமடிக்கும் சீழ் வழிந்தால், வேறு காரணம் நிரூபணமாகும்வரை உள்ளே ஏதோ மாட்டியிருக்கிறது என்றே எண்ணணும். பொத்தான் பேட்டரி என்றால் நேரத்தோடு போட்டி. ஈரத் திசுவில் மின்சாரம் ஓடி, நெகட்டிவ் முனையில் காரம் (அல்கலி) உண்டாகி, இரண்டே மணி நேரத்தில் ஆழமாகப் புண்ணாக்கிவிடும். மூக்கின் நடுச்சுவர் ஓட்டையாகும். சொட்டு விடுவதோ தண்ணீர் பீய்ச்சுவதோ கூடவே கூடாது. காதில் பயறோ கொட்டையோ போயிருந்தாலும் தண்ணீர் வேண்டாம், ஊறிப் பெருத்துவிடும். பூச்சி என்றால், செவிப்பறை முழுதாக இருந்தால், முதலில் எண்ணெய் விட்டுச் சாகடித்த பிறகே எடுக்கணும்.

மூக்கில் இரத்தம் என்று வந்தால் தலையை அண்ணாத்த விடாதே. முன்னால் குனியவைத்து, மூக்கின் மெத்தென்ற பாகத்தை, எலும்பை அல்ல, விடாமல் 10 முதல் 15 நிமிடம் பிடிக்கணும். நடுநடுவே விட்டுப் பார்த்தால் பிடித்ததெல்லாம் வீண்.

தொண்டையைப் பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன், அது தனிக் கதை. 512 ஃபோர்க் ஒன்று என்னிடம் கூடுதலாக இருக்கிறது, நாளை கூரியரில் அனுப்புகிறேன். ஹாஸ்டல் முகவரியை இன்றே அனுப்பு. அவளுக்குப் பரீட்சை எந்த வாரம் என்றும் எழுது.

அன்புடன்,
உன் ஒத்தைச்சடை